கிணற்றடியும் கால் உளைவும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம். நான் வன்னியில் வேலை செய்கிற ஓர் இயன்மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட். ஓடி விளையாடி வந்த உடம்பை வீட்டிலே உள்ள தண்ணீரைக் கொண்டு எப்படித் தேற்றலாம் என்று இன்றைக்குக் கதைக்கலாமென்று வந்திருக்கிறேன்.

வெளிநாட்டு வீரர்கள் ஐஸ் மிதக்கும் தொட்டிக்குள் கழுத்துவரை இறங்கி இருப்பதைக் கைத்தொலைபேசியில் பார்க்காத பிள்ளை இப்போது இல்லை. மீனுக்குப் போடுகிற ஐஸை வாங்கி நாங்களும் பீப்பாவுக்குள் கொட்டலாமா என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. பதில் சொல்ல முதல் அந்த நோ எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

பல நாள் சும்மா இருந்துவிட்டு ஒருநாள் முழுக்கப் பந்தடித்தால் அன்றிரவு பெரிதாக ஒன்றும் தெரியாது. மறுநாள் தொடை விறைக்கும். அதற்கடுத்த நாள் படியிறங்க முடியாது. ஓடும்போது தசையில் உண்டாகும் லாக்டிக் அமிலம் தேங்கி நிற்பதால்தான் இப்படி என்று பலர் சொல்வார்கள். ஆனால் அது ஓடி முடித்து ஒன்றிரண்டு மணித்தியாலத்திலேயே இரத்தத்தைவிட்டுப் போய்விடும். உண்மையில் தசை இழைகளில் மிக நுண்ணிய சிதைவுகள் உண்டாகி, அதைச் சரிசெய்ய உடம்பு அழற்சியை எழுப்புகிறது. குளக்கட்டிலிருந்து இறங்கி ஓடும்போதும், வலைப்பந்தில் எம்பிக் குதித்து நிலத்தில் ஊன்றும்போதும் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அப்போதுதான் இந்தச் சிதைவு அதிகம். பழகாத உடம்போடு வயலில் இறங்குகிறவருக்கு வருவதும் இதே உளைவுதான். ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய், ஒரு கிழமைக்குள் தானாக ஆறிவிடும்.

ஐஸ் தண்ணீர் இந்த நோவைக் குறைக்குமா? ஓரளவுக்குக் குறைக்கும். 2012இல் 17 சிறிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சும்மா இருந்தவர்களைவிடக் குளிர்நீரில் இருந்தவர்களுக்கு அடுத்த நாட்களில் உளைவு குறைவாக இருந்தது. பெரும்பாலும் 10 முதல் 15 பாகை செல்சியஸ் தண்ணீர் அது. எங்கள் கிணற்றுத் தண்ணீரோ விடியப்புறத்திலும் ஏறக்குறைய 28 பாகை. முதல் வாளி தலையில் விழும்போது உடம்பு சிலிர்க்கத்தான் செய்யும், ஆனால் அது அந்தக் குளிர் அல்ல. ஒரு பீப்பாவின் அரைவாசி, அதாவது 100 லீற்றர் தண்ணீரை 15 பாகைக்குக் கொண்டுவர 14 கிலோ அளவில் ஐஸ் வேண்டும். பெற்றோரே, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்தக் காசை முட்டைக்கும் பயறுக்கும் செலவழியுங்கள். சிதைந்த தசை திரும்பக் கட்டப்படுவது சாப்பாட்டாலும் நித்திரையாலும்தான்.

பாரம் தூக்கி உடம்பு ஏற்றுகிற தம்பிமாருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2015இல் வெளியான ஓர் ஆய்வில் 12 வாரம் பயிற்சி செய்தவர்களில், ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் குளிர்நீரில் இறங்கியவர்களுக்குத் தசையும் பலமும் கூடியது குறைவு. மெதுவாகச் சைக்கிள் மிதித்து ஆறியவர்களுக்கே கூடுதல் பயன். நாளைக்கும் ஆட்டம், மறுநாளும் ஆட்டம் என்றால் குளிர்நீருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. வளரப் பயிற்சி செய்கிற காலத்தில் அது வேண்டாம்.

அப்படியென்றால் கிணற்றுத் தண்ணீரால் பயனில்லையா? எங்கள் வெயிலுக்கு அதைவிட மருந்து இல்லை. காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை 25 மடங்கு அளவு வேகமாக இழுத்தெடுக்கும். ஆட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் மெல்ல நடவுங்கள். ஓடிய காலை அப்படியே நிறுத்தினால் இரத்தம் காலுக்குள் தங்கித் தலைசுற்றும். வேர்த்த உடம்போடு உடனே வார்க்காதே என்று அம்மம்மா சொல்வதைக் கேட்டால் இந்தப் பத்து நிமிடம் தானாகவே கிடைத்துவிடும். பிறகு ஆசைதீர அள்ளிக் குளியுங்கள்.

ஆனால் வெயிலில் ஓடிய பிள்ளை தடுமாறி, குழம்பிக் கதைத்து, உடம்பு கொதித்தால் ஒரு நிமிடமும் பார்த்திருக்கக் கூடாது. அது வெப்ப அதிர்ச்சி, உயிரைக் குடிக்கும். நிழலுக்குத் தூக்கிப் போய், கிடைக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றுங்கள், ஐஸ் இருந்தால் அதையும் போடுங்கள், விசிறுங்கள். ஒருவர் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்கட்டும். வண்டி வரும்வரை வார்ப்பதை நிறுத்த வேண்டாம்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு ஆதங்கம். பையன்கள் மைதானத்துக் கிணற்றில் குளித்துவிட்டுப் போகிறார்கள். பெண்பிள்ளைகள் வேர்த்த உடுப்போடேயே பஸ் ஏறுகிறார்கள். கிணற்றடியைச் சுற்றி நாலு தகரம் அடிப்பது பெரிய செலவில்லை. விளையாட்டுக் கழகங்கள் இதைத் தயவுசெய்து செய்யுங்கள்.

சுடுதண்ணீர் இரவுக்கு நல்லது. படுக்க ஒன்றிரண்டு மணித்தியாலம் முதல், 40 பாகை அளவில், பத்து நிமிடம் குளித்தாலோ காலை ஊறவைத்தாலோ நித்திரை சுறுக்காக வரும், விறைப்பும் தளரும். நொச்சி இலை போட்டால் வாசம் சுகம், போடுங்கள். ஆனையிறவு உப்பைப் போட்டாலும் பிழையில்லை. ஆனால் அது தோலைத் தாண்டித் தசைக்குள் போகாது, உரசல் காயத்தில் எரிக்கும். புதிதாகச் சுளுக்கி வீங்கிய காலுக்கு முதல் இரண்டு நாள் சுடுதண்ணீர் கூடாது. காயத்தோடு வெள்ளத்திலோ வாய்க்காலிலோ இறங்கவும் வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது.

கடைசியாக, போரில் காயப்பட்டும் விளையாட்டை விடாத எங்கள் ஆட்களுக்கு. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்குக் காலில் சூடு தெரியாமல் போகலாம். நீரிழிவால் பாதம் மரத்தவருக்கும் அப்படித்தான். சுடுதண்ணீரில் காலை வைக்க முதல், உணர்வுள்ள முழங்கையால் தொட்டுப் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். செயற்கைக் கால் போடுகிறவர்கள் காலையில் குளித்த கையோடு அதை மாட்ட வேண்டாம். ஈரத்தில் தோல் ஊறி, மிச்சக்கால் சற்று வீங்கியிருக்கும். உறைக்குள் உரசிப் புண்ணாகும். மாலையில் குளித்து, மிச்சக்காலின் தையல் தழும்பு மடிப்புகளுக்குள்ளும் ஈரம் இல்லாமல் ஒற்றித் துடைத்து, இரவு முழுக்கக் காற்றோட்டமாக விடுங்கள். சிவந்த இடம் ஏதும் தெரிந்தால் அது ஆறும்வரை பயிற்சிக்குப் போகாமல், கிளினிக்குக்கு வந்து காட்டுங்கள்.

நன்றி, வணக்கம்.