சோம்புக்கும் கையெழுத்து

(“முதுமைக்கு நிறைவு தருவது ஓய்வா? உழைப்பா?” சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் நடந்த பட்டிமன்றத்தில், ‘உழைப்பே’ அணியின் இரண்டாவது பேச்சாளர் ஆற்றிய உரை.)

நடுவர் அவர்களுக்கும் அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எதிரணித் தலைவர், “ஓடிக் களைத்தவர்கள் கொஞ்சம் உட்காரட்டுமே” என்றார். தாராளமாக உட்காரட்டும். எத்தனை நாள் உட்காருவது என்பதுதான் கேள்வி. எங்கள் மாமா உட்கார்ந்த கதையைச் சொல்கிறேன்.

மாமா துறைமுகத்தில் ஸ்டோர் பொறுப்பாளர். ஒரு போல்ட்டு வெளியே போனாலும் சீட்டு எழுதி, கையெழுத்து வாங்கி, பேரேட்டில் ஏற்றினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். 2010இல் 62 வயது முடிந்தது. மாலை, பொன்னாடை, கேக், குரூப் போட்டோ. “இனிமேல் நிம்மதியாக இருங்க அண்ணே” என்று அனுப்பி வைத்தார்கள்.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. தேக்கா சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்தார். அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாவது வாரம் அடுப்படிக்குள் நுழைந்தார். டப்பாக்களை எல்லாம் இறக்கித் துடைத்து, பெயர் எழுதி ஒட்டி, எண் போட்டு அடுக்கினார். அத்தை அதற்கும் சந்தோஷப்பட்டார். மூன்றாவது வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் வந்தது. அதில் ஸ்கேல் வைத்து அழகாகக் கோடு போட்டிருந்தார்: தேதி, பொருள், இருப்பு, எடுத்த அளவு, எடுத்தவர் கையொப்பம்.

நடுவர் அவர்களே, எடுத்தவர் கையொப்பம்! அந்த வீட்டில் சமைப்பது ஒரே ஒருவர். துவரம்பருப்பு எடுத்தால் கையெழுத்து. சோம்பு எடுத்தால் கையெழுத்து. எண்ணெய் காய்கிறது, கடுகு போட வேண்டும், அத்தை ஒரு கையில் கரண்டியும் மறுகையில் பேனாவுமாக நிற்கிறார்.

இதை அத்தை வாயால் கேட்க வேண்டும். “நாப்பது வருஷமா இந்த அடுப்படியில நான் யாருக்கும் கணக்குச் சொன்னதில்ல. இப்ப பெருங்காயத்துக்குக் கணக்குக் கேக்குறாரு. ரசத்துல உப்பு கூடிப்போச்சுன்னு நானே சொன்னா, நோட்டைப் புரட்டிப் பார்த்துட்டு, ஆமா, ஒன்றரை ஸ்பூன் எடுத்திருக்கேங்குறாரு!”

மாமாவைக் கேட்டால் அவர் கதை வேறு. “மல்லித்தூள் மூணு பாக்கெட் உள்ள இருக்கு, நாலாவது வாங்கிட்டு வர்றா. ஸ்டாக் பார்க்க வேணாமா? நான் என்ன தப்பு செஞ்சேன்?”

அவர்கள் மகளிடம் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது சிரிப்பு இல்லை. “அப்பா கணக்குப் பார்க்கல மச்சான். யாராவது தன்கிட்ட வந்து எதையாவது கேட்கணும்னு பார்க்குறாரு. அதுக்குத்தான் அந்த நோட்டு.”

அவ்வளவுதான் எங்கள் அணியின் வாதம். நான் இத்தோடு உட்கார்ந்தாலும் போதும்.

மாமா ஓய்வு பெற்ற அந்த வருடம் 62க்கு மேல் ஒருவரை வைத்துக்கொள் என்று எந்த முதலாளியையும் சட்டம் வற்புறுத்தவில்லை. மறு வேலைவாய்ப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது 2012இல். உடலும் வேலைத்திறனும் சரியாக இருந்தால் 65 வரை வேலை கொடுக்க முன்வர வேண்டும் என்றார்கள். 2017இல் அது 67 ஆனது. 2022 ஜூலையில் ஓய்வு வயது 63, மறு வேலைவாய்ப்பு வயது 68. 2026 ஜூலைக்கு 64, 69 என்று குறித்தார்கள். 2030க்குள் 65, 70. ஐம்பத்தைந்தில் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஊர் இது. ‘எப்போது போவார்’ என்ற கேள்வி போய், ‘இன்னும் இருப்பாரா’ என்று கேட்கும் காலம் வந்திருக்கிறது.

1984இல் மக்கள் கொதித்தார்களே என்று எதிரணியில் கேட்டார்கள். உண்மை. ஹாவ் யூன் சோங் தலைமையிலான குழு ஒரு பரிந்துரை செய்தது, ஊரே கோபப்பட்டது, அந்த ஆண்டுத் தேர்தலில் ஆளுங்கட்சி இரண்டு இடங்களை இழந்தது. ஆனால் கோபம் எதன் மேல்? மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்து, 55 வயதில் கைக்கு வரும் மத்திய சேம நிதிப் பணத்தை 60க்குத் தள்ளிப்போடச் சொன்னதன் மேல். என் காசில் கை வைக்காதே என்றார்களே தவிர, எனக்கு வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜப்பானையும் இழுத்தார்கள், நல்லது. அங்கே நூறு வயதைத் தொடுகிறவருக்கு அரசாங்கம் வெள்ளிக் கிண்ணம் கொடுக்கிறது. 1963இல் நூறு வயதுக்காரர்கள் நாடு முழுக்க 153 பேர். இன்று 90,000த்தைத் தாண்டிவிட்டார்கள். கட்டுப்படியாகவில்லை, 2016 முதல் வெள்ளி முலாம் பூசிய கிண்ணம்தான். சீனாவில் 1950களில் வகுத்த ஓய்வு வயதை 2025இல்தான் மெல்ல உயர்த்தத் தொடங்கினார்கள், ஆண்களுக்கு 60 என்பது 15 ஆண்டுகளில் 63 ஆகும். அறுபதுக்குப் பிறகு இருபது, முப்பது வருடம் கிடக்கிறது, தலைவர் அவர்களே. அத்தனை வருடத்துக்கும் உட்கார நாற்காலி மட்டும் போதுமா?

சரி, இப்போது எதிரணியின் இரண்டாவது பேச்சாளருக்கு வருகிறேன். தம்பி ஒரு போடு போட்டார். “உணவங்காடி நிலையத்தில் கடைசி வாய் மீ கோரிங் உள்ளே போவதற்குள் தட்டை எடுக்க ஒரு பாட்டி வந்து நிற்கிறார். எழுபத்தைந்து வயதில் எச்சில் தட்டு எடுப்பதுதான் இவர்கள் சொல்லும் நிறைவா?” கைதட்டல் அடங்கவே நேரமானது. நான் எழுதிக்கொண்டு வந்த குறிப்புகளை மேசையிலேயே வைத்துவிட்டேன். தம்பிக்குப் பதில் சொல்லாமல் போக எனக்கு மனசில்லை.

தம்பி, எச்சில் தட்டு என்றீர்களே, எச்சில் யாருடையது? பாட்டியுடையதா? இறால் ஓட்டை மேசையிலேயே துப்பி, மூக்கைத் துடைத்த டிஷ்யூவைச் சூப்புக்குள் போட்டுவிட்டு எழுந்து போனது யார்? அவரவர் தட்டை அவரவர் எடுத்து வைக்க வேண்டும் என்று 2021 செப்டம்பரிலிருந்து சட்டத்தைக் காட்டி, அபராதம் என்று மிரட்ட வேண்டி வந்தது. அந்த வேலையில் அசிங்கம் என்று ஏதாவது இருந்தால் அதைச் சேர்த்தவர்கள் உண்டவர்கள்.

சம்பளம் குறைவு என்கிறீர்களா? அதில் நான் உங்கள் கட்சி. துப்புரவுப் பணியாளருக்கு இதற்குக் கீழே கொடுக்கக் கூடாது என்ற படிநிலைச் சம்பள முறை கட்டாயமானதே 2014இல்தான். இன்னும் கூட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள், உங்கள் பக்கத்தில் வந்து நிற்கிறேன். முட்டி வலிக்கிறது, முடியவில்லை, ஆனால் வாடகைக்கு வழியில்லை என்று ஒரு பாட்டி வேலைக்கு வந்தால் எனக்கும் வயிறு எரிகிறது. அந்தப் பாட்டிக்குத் தேவை பணம், அதைக் கொடுக்க வேண்டியது நாம் எல்லோரும். ஆனால் அவரைக் காட்டி, வேலை செய்யும் எல்லாப் பெரியவரையும் பாவம் என்று சொல்லிவிடாதீர்கள். அது அவர்கள் முகத்தில் அடிப்பது.

எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள உணவங்காடியில் ஒரு சீன அம்மா இருக்கிறார். தட்டு திருப்பி வைக்கும் அலமாரி இரண்டு, ஒன்று ஹலால், மற்றது அப்படி இல்லாதது. யாராவது மாற்றி வைத்தால் தூரத்திலிருந்தே குரல் வரும். அவசரமாக ஓடி வந்து, தட்டை எடுத்து, சரியான இடத்தில் வைத்துவிட்டு, வைத்தவரை ஒரு பார்வை பார்ப்பார். மலாய்க்காரப் பெரியவர்கள் அங்கே நம்பிச் சாப்பிடுகிறார்கள் என்றால் அதில் அந்த அம்மாவுக்கும் பங்கு உண்டு. என் மகள் இல்லாமல் நான் தனியாகப் போனால், “அனாக் மானா?” என்பார். பிள்ளை எங்கே என்று கேட்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. பாசார் மலாயில், அதாவது சந்தையில் பேசும் எளிய மலாயில், எங்கள் குடும்ப நலம் முழுக்க விசாரித்து முடிப்பார். தம்பி, அவரிடம் போய் “இது எச்சில் தட்டு வேலை அம்மா” என்று சொல்லிப் பாருங்கள். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் திருப்பிக் கேட்பதற்கு உங்களிடம் பதில் இருக்காது.

மாமா கதையை முடிக்கவில்லையே என்று முன்வரிசையில் ஒரு அம்மா கேட்கிறார். முடித்துவிடுகிறேன். ஒரு பலதுறை மருந்தகத்தில், அதாவது பாலிகிளினிக்கில், அவருக்குப் பகுதி நேர வேலை கிடைத்தது. பதிவு இயந்திரத்தின் முன்னால் திகைத்து நிற்கும் பெரியவர்களுக்கு அடையாள அட்டையை எப்படிக் காட்டுவது, எந்த அறைக்குப் போவது என்று தமிழிலும் மலாயிலும் சொல்லிக் கொடுப்பது. அன்றைக்கே நோட்டுப் புத்தகம் அலமாரிக்கு மேலே போய்விட்டது. அத்தை இப்போது மல்லித்தூள் எத்தனை பாக்கெட் வேண்டுமானாலும் வாங்கலாம்.

மணி அடித்துவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு நிமிடம், நடுவர் அவர்களே.

எங்கள் புளோக்கில் எட்டாவது மாடியில் ஒரு பாட்டி. கணவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. பிள்ளைகள் தங்கமானவர்கள், ஒரு குறை வைக்கவில்லை. ஆனாலும் பாட்டி காலையில் பேருந்து பிடித்து பஃபலோ ரோட்டில் ஒரு பூக்கடைக்குப் போய்விடுவார். பெஞ்சில் உட்கார்ந்து மல்லிகையும் சாமந்தியும் தொடுப்பார். விரல் நுனியெல்லாம் நார் அறுத்த கோடு. போன மார்கழியில் நெஞ்சுச் சளி முற்றி மருத்துவமனையில் படுத்துவிட்டார். வீட்டுக்கு வந்த மறுநாள் கடைக்காரர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். வாசலிலேயே கேட்டார்: “தை வெள்ளி வருது, பாட்டி எப்ப வர்றாங்க?”

மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. பாசக் கோபம்தான். “அம்மா இனிமேல் வர மாட்டாங்க, அவங்களைத் தொந்தரவு பண்ணாதீங்க” என்று கதவைச் சாத்தப் போனார்.

உள்ளே கட்டிலில் இருந்த பாட்டி, இரண்டு வாரமாகச் சரியாகப் பேச்சு வராத பாட்டி, சத்தம் போட்டுக் கேட்டார்: “டேய், உங்கப்பா போனதுக்கு அப்புறம் என்னைத் தேடி வாசல் வரைக்கும் வந்த முதல் ஆளுடா அவரு. அவரை ஏன்டா திருப்பி அனுப்புறே?”

(கைதட்டாதீர்கள், முடிக்க விடுங்கள்.)

தை இரண்டாம் வெள்ளிக்குப் பாட்டி கடைக்குப் போய்விட்டார். மகனேதான் டாக்சியில் கொண்டுபோய் விட்டார், முதுகுக்கு வைக்க ஒரு தலையணையும் கொடுத்து. நடுவர் அவர்களே, எங்கள் அணிக்குப் புள்ளி குறைந்தாலும் பரவாயில்லை. ஆனால் அந்தப் பாட்டியைப் பார்த்து, எழுந்து வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லும் தீர்ப்பை மட்டும் உங்கள் வாயால் சொல்லிவிடாதீர்கள். வணக்கம்.