கொசுக்களுக்குள் சொந்தம் பார்ப்பது

எல்லோருக்கும் வணக்கம். கொசுவுக்குச் சொந்தபந்தம் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று தலைப்பைப் பார்த்ததும் சிலர் நினைத்திருப்பீர்கள். நியாயமான கேள்விதான். பதிலை ராமேஸ்வரத்திலிருந்து தொடங்குகிறேன்.

இந்தியக் கிராமங்களில் மலேரியாவைப் பரப்புவதில் முதலிடம் அனாஃபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்ற கொசுவுக்கு. பெயர் ஒன்று, ஆனால் அந்தப் பெயருக்குள் ஐந்து இனங்கள். ஏ, பி, சி, டி, இ என்று எழுத்து வைத்துத்தான் சொல்கிறார்கள். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாலும் உருவத்தில் வித்தியாசம் தெரியாது. இதில் பி இனம் மாட்டைக் கடித்தே பிழைப்பது. மலேரியா பரப்புவதில் சோப்ளாங்கி. ராமேஸ்வரம் தீவில் பிடித்த கொசுக்களின் குரோமோசோம் வரிகளைப் பார்த்தால், அதாவது ஜீன்களைத் தாங்கும் இழைகளில் தெரியும் பட்டைகளைப் பார்த்தால், எல்லாமே பி. ஆனால் தீவில் மலேரியா இருந்தது. அப்படியானால் பரப்புவது யார்?

சரளா சுப்பாராவ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்ட வழி பொறுமையைச் சோதிப்பது. பெண் கொசுவைப் பிடித்து முட்டையிட வைக்க வேண்டும். அதன் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பிரித்து, மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முட்டை பொரித்து வந்த ஆண் புழுக்களின் மூளையிலிருந்து, ஆணிடம் மட்டுமே இருக்கும் ஒய் குரோமோசோமைப் பார்க்க வேண்டும். தாய் குற்றவாளியா என்று தெரிய மகனைச் சோதிக்கிறார்கள்! கிருமி சுமந்த தாய்களின் மகன்களிடம் இருந்தது வேறு வடிவ ஒய். பி என்று நினைத்ததற்குள் இன்னொரு இனம் ஒளிந்திருந்தது. 1999இல் அதற்கு 'இ' என்று பெயர் வைத்தார்கள்.

இன்று இவ்வளவு பாடு வேண்டாம். கொசுவின் ஒரே ஒரு கால் போதும். அதிலிருந்து டிஎன்ஏ எடுத்து, பிசிஆர் கருவியில் பெருக்கி, எழுத்து எழுத்தாகப் படித்துவிடலாம். எந்தப் பகுதியைப் படிப்பது என்பதில்தான் சூட்சுமம். செல்லுக்குள் புரதம் செய்யும் இயந்திரம் ரைபோசோம். அதற்கான ஜீன்களுக்கு நடுவில் ஐடிஎஸ்-2 என்று ஒரு துண்டு இருக்கிறது. ரைபோசோம் உருவாகும்போது அதை வெட்டி எறிந்துவிடும். அதனால் அதில் எழுத்து மாறினால் கொசுவுக்குப் பெரிதாக நஷ்டம் இல்லை. மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போகும். இரண்டு கொசுக்களிடம் எத்தனை எழுத்து வேறுபடுகிறது என்று எண்ணினால், எவ்வளவு காலமாகப் பிரிந்திருக்கின்றன என்று ஊகிக்கலாம். குலிசிஃபேசிஸில் இந்தக் கணக்கு ஏ, டி இரண்டையும் ஒரு பக்கமும் பி, சி, இ மூன்றையும் மறுபக்கமும் நிறுத்துகிறது. குரோமோசோம் வரிகளில் பி-யும் இ-யும் ஏன் ஒன்றுபோல இருந்தன என்பது இதைப் பார்த்தால் புரியும்.

சரி, இத்தோடு முடிந்தால் சுலபம். ஒரே ஒரு ஜீனை நம்பி வம்சாவளி எழுதுவது, பங்காளிகளில் ஒருவரை மட்டும் கேட்டுக் குடும்ப வரலாறு எழுதுவது மாதிரி. இதை நன்றாகக் காட்டிக்கொடுத்தது ஆப்பிரிக்காவின் அனாஃபிலிஸ் காம்பியே கூட்டம். அங்கேயும் ஒரே உருவத்தில் பல இனங்கள். அவற்றைக் கலந்து வளர்த்தால் பிறக்கும் ஆண் கொசுக்கள் மலடாகின்றன என்பதை வைத்து 1960களிலேயே தனித்தனி இனங்கள் என்று கண்டுகொண்டார்கள். யார் யாருக்கு நெருங்கிய சொந்தம் என்பதில்தான் சண்டை. ஒரு ஜீன் ஒன்று சொன்னது, இன்னொரு ஜீன் வேறு சொன்னது.

2015இல் முழு ஜீனோம்களை, அதாவது கொசுவின் டிஎன்ஏ முழுவதையும், வைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஜீனோமின் பெரும்பகுதி, காம்பியேவும் அதே கூட்டத்து அராபியென்சிஸும் நெருங்கிய சொந்தம் என்றது. இரண்டுமே மலேரியா பரப்புவதில் பெரிய கைகள். எக்ஸ் குரோமோசோம் மட்டும், அராபியென்சிஸின் நெருங்கிய உறவு கூட்டத்தின் இன்னொரு இனமான குவாட்ரிஆனுலேடஸ் என்றது. அது மாட்டைக் கடிக்கும் சாது. பெரும்பான்மை பொய், எக்ஸ்தான் மெய் என்பது ஆய்வின் முடிவு. வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் தவறான பதில்தான் ஜெயித்திருக்கும். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

இது எப்படி நடந்தது? கலப்பில் பிறந்த மகன்தான் மலடு, மகள் மலடு இல்லை. அவள் மறுபடி ஓர் இனத்தோடு சேர்ந்தால், மற்ற இனத்தின் ஜீன்கள் இதற்குள் வந்துவிடும். மலட்டுத்தன்மைக்கான ஜீன்கள் எக்ஸில் அதிகம் இருப்பதால், அடுத்த இனத்து எக்ஸ் உள்ளே நுழைந்து நிலைப்பது கடினம். மற்ற குரோமோசோம்களுக்கு அந்தத் தடை குறைவு.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்காதீர்கள். கொசுவலையில் பூசும் பைரித்ராய்டு மருந்து கொசுவின் நரம்பைத் தாக்குவது. அந்த நரம்பு ஜீனில் ஓர் எழுத்து மாறினால் மருந்து சரியாக வேலை செய்யாது. மாலி நாட்டில் அந்த மாற்றம் காம்பியேவிடமிருந்து கொலுசியி என்ற உறவு இனத்துக்குள் போய் நிலைத்துவிட்டது. கொசுவலைகளைப் பரவலாகக் கொடுக்கத் தொடங்கிய அதே காலத்தில்தான் இது நடந்தது. முன்பெல்லாம் கலப்பில் பிறந்தவை அதிகம் தேறவில்லை. மருந்து வந்ததும், கடன் வாங்கிய அந்த ஓர் எழுத்தே உயிர் காத்தது.

இப்போது ஆய்வகங்களில், காம்பியேவுக்குள் ஒரு ஜீனைச் செலுத்தி, அது தலைமுறை தலைமுறையாகத் தானே பரவும்படி செய்யப் பார்க்கிறார்கள். ஜீன் டிரைவ் என்று பெயர். அதை வெளியில் விடுவதற்கு முன், அந்த ஜீன் காம்பியேவோடு நிற்குமா, எந்தெந்த உறவுக் கொசுக்களுக்குள் போகும் என்று அவர்கள் சொல்லியாக வேண்டும்.