6000-ஆ, 8000-ஆ? ஓவர்கிளாக் கம்ப்யூட்டருக்கு ரேம் எடுப்பது

[திரையில்: வீட்டு மேசை, மூடி கழற்றிய கேஸ், பக்கத்தில் நான்கு ரேம்]

வணக்கம். தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து பேசுகிறேன். பின்னால் ஃபேன் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், பிப்ரவரி புழுக்கத்தில் அதை நிறுத்திவிட்டுப் பேச என்னால் ஆகாது. இதே டர்பனில் ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கும் அத்தை மகன் போன வாரம் ஒரு படத்தை அனுப்பி, "அண்ணா, இந்த 8000 ரேம் எடுக்கட்டுமா?" என்று கேட்டான். அவன் வாங்கி வைத்திருக்கும் ப்ராசஸர் ரைசன் 7 9700எக்ஸ். வேண்டாம்டா என்றேன். ஏன் என்றான். அந்த ஏனுக்குத்தான் இந்த வீடியோ.

அட்டைப்பெட்டியில் 6000, 8000 என்று பெரிதாகப் போட்டிருக்கும் எண் (நொடிக்கு எத்தனை மில்லியன் தடவை தரவு மாற்றுகிறது என்பது) அந்த ரேமால் எட்ட முடிந்த வேகம், உங்கள் ப்ராசஸர் ஒத்துக்கொண்ட வேகம் இல்லை. ரைசன் 9000 வரிசைக்கு அதைத் தயாரிக்கும் ஏஎம்டி உத்தரவாதமாகச் சொல்வது 5600 வரைதான், அதற்கு மேலே போவதெல்லாம் கணக்கில் ஓவர்கிளாக்தான், பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. நடைமுறையில் 6000 ஏறக்குறைய எல்லா ரைசன் 7000, 9000-இலும் ஓடிவிடும், நல்ல சிப் வாய்த்தால் 6400. அதுவரைக்கும் ப்ராசஸருக்குள் இருந்து ரேமை நடத்தும் பகுதி, அதாவது மெமரி கன்ட்ரோலர், ரேமோடு சரிசமமாக நடக்கிறது. அதைத் தாண்டினால் கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும், அதனால் 7000, 7200 என்று காசு கொட்டியவனுக்கு 6000-ஐ விடத் தாமதம்தான் கூடும். 8000 வரை போனால் இழந்ததில் கொஞ்சம் திரும்பி வரும், ஆனால் அதற்கு அந்த வேகத்தைத் தாங்கும் மதர்போர்டும் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

இன்டெல் வேறு கதை. அங்கே டிடிஆர்5 என்ற இந்தத் தலைமுறை ரேம் வந்ததிலிருந்தே கன்ட்ரோலர் பாதி வேகத்தில்தான் ஓடுகிறது, அதனால் 6800, 7200 என்று மேலே போனால் பலன் தெரியும். கோர் அல்ட்ரா 200 வரிசையில் சியுடிம் என்று, க்ளாக்கைச் சீர்படுத்த ரேமிலேயே ஒரு சின்ன சிப் வைத்த வகையும் ஓடும். 8000-க்கு மேலே ஆசைப்படுகிறவர்கள் அந்தப் பக்கம் பார்க்கலாம்.

[திரையில்: சிஎல்30, சிஎல்40 என்று எழுதிய இரண்டு பெட்டிகள்]

அடுத்தது இந்த சிஎல். கேட்டதை எடுத்துக் கொடுக்க ரேம் அதன் க்ளாக்கில் எத்தனை தாள அடி காத்திருக்கிறது என்பதுதான் அது. கோவிலில் பஜனைக்குத் தாளம் போட்டவர்களுக்குச் சட்டென்று புரியும்: எட்டு அடி என்பது மெதுவான பாட்டில் நீளம், துரிதமான பாட்டில் குறைவு. அடியை மட்டும் எண்ணினால் நேரம் தெரியாது, காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2000-ஐ சிஎல் எண்ணால் பெருக்கி வேகத்தால் வகுங்கள். 6000 சிஎல்30 என்றால் 10 நானோ செகண்ட். 8000 சிஎல்40, அதுவும் 10. பழைய டிடிஆர்4 3200 சிஎல்16? அதுவும் அதே 10! 6000 சிஎல்40 மட்டும் 13.3. கடையில் 'எல்லாம் 6000தான்' என்று விலை குறைவாகத் தள்ளப் பார்ப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி வகையைத்தான்.

இப்போது நான் பட்ட அவஸ்தை. என்னிடம் 16 ஜிபி ரேம் இரண்டு இருந்தது, நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வருடம் கழித்து அதே பெயர், அதே மாடல் எண் பார்த்து இன்னொரு ஜோடி வாங்கி நாலு இடத்தையும் நிரப்பினேன். திரை கறுப்பு. அரை மணி நேரம் கறுப்பு. பிறகு எதேச்சையாக இரண்டு ஜோடியின் விவரத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றில் எஸ்கே ஹைனிக்ஸ் சிப், மற்றதில் சாம்சங் சிப்! மாடல் எண்ணை மாற்றாமலே உள்ளே இருப்பதை மாற்றுவது இந்தத் தொழிலில் சகஜம். கோலாட்டம் இரண்டு பேர் ஆடினால் ஒருவரை ஒருவர் பார்த்து அடித்துவிடலாம், வேறு வேறு ஊரில் பழகிய நாலு பேர் ஆடினால் குச்சி விரலில்தான் விழும். ஒரே பெட்டியில் வந்த நாலு என்றாலும் ரைசன் 7000-க்கு ஏஎம்டி சொல்வது வெறும் 3600. அதனால் எவ்வளவு வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்து, ஒரே பெட்டியில் வரும் இரண்டை வாங்குங்கள். கேம் ஆடுவதற்கு 16 ஜிபி இரண்டு தாராளம், கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர் என்றால் 32 ஜிபி இரண்டு. பெரும்பாலான போர்டுகளில் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடத்தில் செருக வேண்டும்.

செருகினால் மட்டும் 6000 வராது. பயாஸுக்குள், அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள் போய், ரேமை அதன் பெட்டி வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்போ, இன்டெல் என்றால் எக்ஸ்எம்பி, அதை ஆன் செய்ய வேண்டும். மறந்துபோய் வருடக்கணக்கில் 4800-இலேயே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், டாஸ்க் மேனேஜரில் ஒரு தடவை பாருங்கள். ஆன் செய்த பிறகு முதல் தடவை திரை வரச் சில நிமிடம் ஆகும். ரேமும் கன்ட்ரோலரும் பேசிப் பழகும் நேரம் அது, செத்துவிட்டது என்று பயந்து பிளக்கைப் பிடுங்காதீர்கள். ரைசன்காரர்கள் இன்னொன்றும் பாருங்கள்: எஸ்ஓசி வோல்டேஜ், அதாவது ப்ராசஸரில் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போகும் வோல்டேஜ், 1.3-ஐத் தாண்டக் கூடாது. 2023-இல் சில ப்ராசஸர்கள் கருகிய பிறகு ஏஎம்டி வைத்த வரம்பு இது, பழைய பயாஸ் என்றால் முதலில் அதைப் புதுப்பியுங்கள்.

சூடு பற்றி நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். டிடிஆர்5-இல் வோல்டேஜைப் பிரித்துக் கொடுக்கும் சிப்பும் ரேமிலேயே உட்கார்ந்திருக்கிறது. வழக்கமான வோல்டேஜ் 1.1, ஓவர்கிளாக்கில் 1.35, 1.4 என்று ஏறும். கீழே கிராபிக்ஸ் கார்டு அனல் கக்க, அறையில் 30 டிகிரி என்றால், ஜூலைக் குளிரில் ஒரு பிழையும் காட்டாத ரேம் ஜனவரிக் கோடையில் காட்டும். ஒரே வேகம், ஒரே சிஎல், விலையும் ஒன்று என்றால் 1.35 போட்டதை எடுங்கள். கலர் லைட் வைத்த உயரமான ரேம் ப்ராசஸர் மேல் வைக்கும் பெரிய ஏர் கூலரில் இடிக்கும், அளவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஜோஹானஸ்பர்க்காரர்கள் சிரிக்க வேண்டாம், 1,700 மீட்டர் உயரத்தில் காற்றே மெல்லிசு, அங்கே ஃபேன் டர்பனில் போல் சூட்டை இழுக்காது.

[திரையில்: நீல நிறத்தில் மெம்டெஸ்ட்86 ஓடுகிறது]

வாங்கிய அன்றே சோதியுங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 இலவசப் பதிப்பு, நாலு சுற்று, ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகம் உங்களுக்கு இல்லை. 5800-க்கு இறக்கிப் பாருங்கள், அதிலும் வந்தால், எக்ஸ்போவை அணைத்தும் வந்தால், பெரும்பாலும் ரேம்தான் பழுது, கடைக்கு எடுத்துப் போங்கள். இங்கே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பழுதான பொருளைத் திருப்ப ஆறு மாதம் உண்டு. ஆன்லைனில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 15% வாட் வரி கட்டியும், திருப்பி அனுப்பும் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான்.

அத்தை மகன் கடைசியில் 6000 சிஎல்30 ஜோடி வாங்கினான். நேற்று இரவு சோதனை போட்டான். லோட்ஷெடிங் மின்வெட்டு முன்போல் இல்லை, ஆனால் கேபிள் திருடுகிறவர்களுக்கு ஓய்வு ஏது? மூன்று சுற்று முடிந்து நாலாவது பாதியில் தெருவே இருட்டு. "அண்ணா, மூணு போதாதா?" என்று மெசேஜ். போதாதுடா, முதலிலிருந்து போடு.