டான் வீட்டுப் பெண்ணும் சின் வீட்டுப் பையனும்

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் பினாங்கில் 33 ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவன் நான். காலையில் முதல் வேலை வருகைப் பதிவேடு. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பென்றால் சீனப் பிள்ளைகளில் ஐந்தாறு டான் நிச்சயம். அப்புறம் ஒரு சான், ஒரு சின். சரவாக்கின் சீபுவிலிருந்து மாற்றலாகி வந்த பிள்ளையாக இருந்தால் டிங். இதெல்லாம் வேறு வேறு குடும்பப் பெயர் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டுவிட்டுப் போகிற ஆட்கள் நாம். படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்று கேட்டாலே பேனாவைக் கடிப்போம். நமக்கெங்கே இது புரியப் போகிறது?

எனக்குப் புரியவைத்தது ஒரு கல்யாணப் பத்திரிகை.

என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர், ஹொக்கியன் என்ற சீனப் பேச்சு பேசுகிறவர், டான் குடும்பம். ஆங்கிலப் பள்ளியில் படித்தவர், சீன எழுத்து தெரியாது. அவர் மகளுக்குச் சாபாவைச் சேர்ந்த, ஹக்கா என்ற வேறொரு சீனப் பேச்சுக்காரப் பையனோடு கல்யாணம் பேசி முடித்தார்கள். பையன் குடும்பப் பெயர் சின். சிவப்புத் தாளில் பத்திரிகை அச்சாகி வந்தது, ஒரு பக்கம் ஆங்கிலம், ஒரு பக்கம் சீனம். வீட்டில் நண்பரின் அம்மா இருந்தார். அந்தப் பாட்டிக்குத் தெரிந்த எழுத்து மொத்தம் பத்துப் பதினைந்துதான். அதில் ஒன்று புகுந்த வீட்டுப் பெயர். பத்திரிகையைக் கையில் வாங்கினார், மாப்பிள்ளை பெயரைப் பார்த்தார், பெண்ணின் பெயரைப் பார்த்தார். இரண்டிலும் முதலெழுத்து ஒன்றே. "டான் வீட்டுப் பெண் டான் வீட்டுக்கே போவதா?" என்று பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

நண்பர் என்னிடம் வந்து புலம்பினார். "இதில் என்ன தப்பு, ஒருவர் சின், ஒருவர் டான்தானே?" என்றேன். அவர் விளக்கிய பிறகுதான் விளங்கியது. எழுத்து ஒன்று, வாய்தான் வேறு. ஹொக்கியன்காரர் வாயில் டான், கண்டோனியர் வாயில் சான், ஹக்கா வாயில் சின், ஃபூச்சௌக்காரர் வாயில் டிங், பெய்ஜிங்கில் சென். ஒரே குடும்பப் பெயருக்குள் கல்யாணம் கூடாது என்பது சீனர்களின் பழைய வழக்கம். நம் கணக்கில் சொன்னால் பங்காளி முறை. பங்காளிக்குப் பெண் கொடுப்பார்களா?

இரண்டு மாதம் இழுத்தது. குலச் சங்கத்துப் பெரியவர் ஒருவர் வந்து பேசிப் பார்த்தார். சட்டம் தடுக்கவில்லை, பூர்வீக ஊர் வேறு, எல்லாம் சொன்னார். பாட்டி மசியவில்லை. கடைசியில் அவரே ஒரு நாள் இறங்கி வந்தார். சொன்ன காரணம் எனக்கு இன்னும் மறக்கவில்லை: "அவர்கள் பேசுவது எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. புரியாத பேச்சுக்காரன் எப்படிப் பங்காளி ஆவான்?" கல்யாணம் நடந்தது. மணமக்கள் பெரியவர்களுக்குத் தேநீர் கொடுக்கும் சடங்கில் பாட்டி கோப்பையை வாங்கி 'தே' என்றார். பக்கத்தில் மாப்பிள்ளையின் தாத்தா 'சா' என்றார்.

நேயர்களே, அந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. தே, சா. டான், சின். இரண்டும் ஒரே கதை!

சரி, இதைக் கரும்பலகை இல்லாமல் சொல்லிப் பார்க்கிறேன். 'சா' என்பதைப் 'பச்சை'யில் வரும் ச போல அழுத்திச் சொல்லிக்கொள்ளுங்கள். நாம் எழுதுவது 'படித்தான்'. பேசுவது 'படிச்சான்'. வைத்து, வச்சு. தைத்து, தச்சு. த் என்பது ச் ஆகிறது. நாக்கு மேலே போகப் போக இப்படி வழுக்கும், எந்த ஊர் நாக்காக இருந்தாலும் சரி. சீனத்திலும் அதுதான் நடந்தது. பழைய சீனத்தில் இந்தப் பெயர் தகர வகை ஒலியில் தொடங்கியது. பிறகு நாக்கை மடித்துச் சொன்னார்கள், ஏறக்குறைய நம் டகரம் போல. பிறகு வடக்கே அது சகரம் ஆனது. தேயிலைக்கான சொல்லும் அதே வரிசை எழுத்தில் தொடங்குவது. அதனால் அதுவும் கூடவே போனது. தென்சீனத்து ஃபூசியன் மலைகளுக்கு அப்பால் போய்க் குடியேறியவர்கள், அதாவது ஹொக்கியன்காரர்களின் முன்னோர் போன்றவர்கள், மட்டும் தகரத்தை விடவில்லை. ஆகவே டான் என்பது சென் என்பதன் கொச்சை இல்லை. டான்தான் மூத்த ஒலி. இதை இரண்டு முறை சொல்லலாம் என்று வந்தேன்: டான்தான் மூத்த ஒலி. ஒரு விஷயம், ஹொக்கியன்காரர்கள் சொல்வது 'தான்' என்பதற்கே பக்கம். ஆங்கில எழுத்தைப் பார்த்து 'டான்' என்று எழுதியது நாம்.

நாமும் இரண்டு கரையிலும் இருக்கிறோம், பாருங்கள். தேயிலை, தேத்தண்ணி என்றால் ஃபூசியன் கப்பல் வழி. சாயா என்றால் மற்ற வழி. அந்த ஃபூசியன் கரையில் சுவான்சௌ என்று ஒரு துறைமுகம். அங்கே 1281இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, நம் வணிகர்கள் வைத்த சிவன் கோயிலைச் சேர்ந்தது. அந்தக் கடைத்தெருவில் ஏதாவது ஒரு டானோடு நம்மாட்கள் பேரம் பேசியிருப்பார்கள். இது என் ஊகம்தான்.

த, ட, ச என்று மூன்று படி சொன்னேன் அல்லவா, நடுப்படி காணாமல் போகவில்லை. வியட்நாமில் இருக்கிறது. அங்கே இந்தப் பெயர் 'ட்ரன்'. தெற்கு வியட்நாமியர் இன்றும் நாக்கை மடித்துத்தான் சொல்வார்கள். 1225 முதல் 1400 வரை அந்த நாட்டை ஆண்டது ட்ரன் குடும்பம். ஃபூசியனிலிருந்து வந்த மீனவர் வழி. மங்கோலியப் படை மூன்று முறை வந்தும் அவர்களைப் பணியவைக்க முடியவில்லை.

பெயரின் பிறப்பு? ஹெனான் மாநிலத்தில், இன்றைய ஹுவாய்யாங் பக்கம், ஏறத்தாழ 3000 ஆண்டுகளுக்கு முன் சென் என்று ஒரு சிறு நாடு இருந்தது. பெரிய நாடான சூ அதை விழுங்கியது. நாடு போனது, பெயரை மட்டும் மக்கள் தங்களோடு எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன்பே, கி.மு. 672இல், அந்த நாட்டு இளவரசர் வான், அரண்மனைக் கொலைக்குப் பயந்து சீ என்ற நாட்டுக்கு ஓடினார். அவர் வழியினர் தியன் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலித்தவை. தஞ்சம் புகுந்தவரின் வாரிசுகள் கி.மு. 386இல் சீ நாட்டுக்கே அரசர்கள் ஆனார்கள்.

எழுத்தை வானொலியில் வரைந்து காட்ட முடியாது. ஆனால் சீனர்களே வழி வைத்திருக்கிறார்கள். எந்த டான் என்று கேட்டால் 'காது கிழக்கு டான்' என்பார்கள். இடப்பக்கம் காது போல ஒரு வளைவு, வலப்பக்கம் கிழக்கு என்ற எழுத்து. ஜாக்கி சானின் சான்கூட இதே காது கிழக்குதான். ஆனால் அவர் தந்தை பிறப்பால் ஃபாங் குடும்பம், அது தனிக் கதை.

பினாங்குக்காரர்கள் பீச் ஸ்ட்ரீட் பக்கம் போனால் சே டான் கோர்ட் என்ற சந்துக்குள் எட்டிப் பாருங்கள். 'சே' என்றால் குடும்பப் பெயர். உள்ளே டான்களின் குலக்கூடம் இருக்கிறது. சிங்கப்பூரில் 1844இல் மருத்துவமனை கட்டப் பணம் கொடுத்த டான் தொக் செங்கும், 1921இல் சியாமென் பல்கலைக்கழகத்தைத் தொடங்கிய டான் கா கீயும்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இந்தோனேசியாவைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். 1966க்குப் பிறகு அங்கே சீனப் பெயரை மாற்றிக்கொள்ளும்படி நெருக்குதல் வந்தது. டானை உள்ளே ஒளித்துத் தனோத்தோ, ஹர்தந்தோ என்று ஆனவர்கள் உண்டு. தாய்லாந்தில் 1913 சட்டத்துக்குப் பின் நீள நீளமான தாய்ப் பெயர்கள் வந்தன, ஆனாலும் 'சே தாங்' என்று வைத்திருப்பவர்களும் உண்டு. பிலிப்பீன்ஸில் இன்னும் வேடிக்கை, 'கோ' என்றால் ஹொக்கியனில் அண்ணன், அந்த மரியாதைச் சொல்லும் சேர்ந்து குடும்பப் பெயராகிவிட்டது. அதிபராக இருந்த கோரசோன் அக்கினோ பிறந்த குடும்பம் கோஹுவாங்கோ. அதன் வாலில் இருப்பது அந்த அண்ணன்தான்.

ஒரு விரல். வணக்கம் நேயர்களே.