விழுகிற எழுத்து எந்தத் தாளில்?

நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் நெடுங்காலம் தட்டச்சுப் பயிலகம் நடத்தியவன் நான். அதே அறையில் இப்போது மூன்று கணினிகள் இருக்கின்றன. மூன்றிலும் விண்டோஸ் இல்லை, அதன் இடத்தில் லினக்ஸ் என்ற இயங்குதளம்தான். மனு, கல்யாணப் பத்திரிகை என்று வருகிறவர்களுக்கு அடித்துக் கொடுக்கிறேன்.

தட்டச்சு இயந்திரத்தில் ஒரு நேரத்தில் ஒரு தாள்தான் ஏறும். தட்டிய எழுத்து அந்தத் தாளில் விழும், வேறெங்கே போகும்? கணினித் திரையிலோ பத்துத் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. சாளரம் என்று எழுதுகிறார்கள். கடைக்கு வரும் பையன்கள் விண்டோ என்கிறார்கள். தட்டுகிற எழுத்து அவற்றில் எதில் விழும்? இன்று நான் பேச வந்தது அதைத்தான்.

பயிலகத்தில் முதல் பாடம், ஏ எஸ் டி எஃப் ஜி எஃப். இரண்டாம் பாடம், விசையையும் பார்க்காதே, தாளையும் பார்க்காதே, பக்கத்தில் இருக்கும் கைப்பிரதியை மட்டும் பார். பல பேருக்குச் சொல்லிக்கொடுத்த இந்தப் பாடமே என்னைக் கவிழ்த்தது. சில ஆண்டுகளுக்கு முன், முன்னீர்ப்பள்ளத்திலிருந்து ஒரு பெரியவர் பட்டா மாறுதல் மனுவோடு வந்தார். என் கண் அவருடைய பென்சில் எழுத்தில், விரல் விசையில். நடுவில் திரையில் ஒரு பெட்டி எழும்பியிருக்கிறது. நான் பார்க்கவில்லை. சர்வே எண்ணும் உட்பிரிவும் அதற்குள் போய்விட்டன. வரி முடிந்ததென்று நான் எண்டர் விசையைத் தட்டினேன். பெட்டி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு கணினியையே அணைத்துவிட்டது. மனுவை நான் சேமித்திருக்கவில்லை. “அண்ணாச்சி, கரண்டு போய்விட்டதா?” என்று கேட்டார் பெரியவர். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. “ஆமாம்” என்றேன். அவரும் ஒருமுறை மேலே பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். மறுபடி அடித்ததற்குக் காசு வாங்கவில்லை.

அந்தக் கணினியில் ஓடியது எக்ஸ் 11. லினக்ஸ் திரையில் சாளரங்களைக் காட்ட 1987-இல் வந்த ஏற்பாடு. எந்த நிரலும் எழுந்து வந்து விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள அதில் வழி உண்டு. பின்னால் அதற்குக் காவல் போட்டார்கள். நீங்கள் கடைசியாக விசையைத் தொட்டது எப்போது, புதிய சாளரத்தைக் கேட்டது எப்போது என்று ஒப்பிட்டுப் பார்க்கும். கேட்ட பிறகும் நீங்கள் தட்டிக்கொண்டே இருந்தால், வந்தவர் பின்னால் நிற்க வேண்டியதுதான். அதற்கு மாற்றாக 2008-இல் தொடங்கிய வேலாண்டில் காவல் இன்னும் கண்டிப்பு. நம் ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு இருக்கிறதல்லவா, அதைப் போல. மின்னஞ்சலில் ஓர் இணைப்பைச் சுட்டுகிறீர்கள். அந்தச் செயலி திரையை நிர்வகிக்கும் நிரலிடம் ஒரு சீட்டு வாங்கி உலாவியிடம் கொடுக்க வேண்டும். உலாவி சீட்டைக் காட்டினால் முன்னால் வரலாம். சீட்டு கைமாறவில்லை என்றால்? பக்கம் திறந்துவிடும், ஆனால் உலாவி மற்றவற்றுக்குப் பின்னாலேயே நிற்கும்.

கடையில் என்னோடு இருக்கும் தம்பி இப்படித்தான் போன மாதம், “அண்ணாச்சி, லிங்க் செத்துப்போய்விட்டது” என்றான். ஏழு முறை சுட்டியிருக்கிறான். பின்னால் ஒளிந்திருந்த உலாவியில் ஒரே பக்கம் ஏழு தடவை திறந்து கிடந்தது. லினக்ஸில் முகப்புத் திரை பல வகை, கினோம், கேடிஇ என்று. கினோம் திரையாக இருந்தால், மேலே ‘தயார்’ என்று ஒரு சிறு அறிவிப்பு வந்து போகும். கேடிஇ-யில் கீழ்ப்பட்டையில் உலாவியின் குறி நிறம் மாறும். அவன் இரண்டையும் பார்க்கிற ஆள் இல்லை.

ஆத்திரத்தில் காவலையே எடுத்துவிடாதீர்கள். சீட்டை யார் தொலைத்தது என்று முதலில் பாருங்கள். அதே இணைப்பை வேறொரு செயலியிலிருந்து திறந்து பாருங்கள். உலாவி முன்னால் வந்துவிட்டால், தவறு பழைய செயலியுடையது. அதன் புதிய பதிப்பைப் போடுங்கள். எதிலிருந்து திறந்தாலும் வரவில்லை என்றால் உலாவியைச் சந்தேகிக்கலாம். கட்டளைகளைத் தட்டி இயக்கும் டெர்மினல் சாளரத்திலிருந்து திறந்து சோதிக்க வேண்டாம், அதன் கையில் பெரும்பாலும் சீட்டு இருக்காது. மறுபடியும் சொல்கிறேன், தொலைத்தவரைத்தான் முதலில் தேட வேண்டும்.

கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இன்னும் இரண்டு நிமிடம்தான், ஆகவே வேகமாகச் சொல்கிறேன். ஃபயர்பாக்ஸ் உலாவி வைத்திருப்பவர்கள் அதன் உள் அமைப்புகள் இருக்கும் எபவுட் கான்ஃபிக் பக்கத்தில் ‘டைவர்டெட்’ என்று தேடுங்கள். பெயர் நீளம், வானொலியில் எழுத்துக் கூட்ட முடியாது. அந்த வரி ‘ட்ரூ’ என்று இருந்தால், வெளியிலிருந்து வரும் இணைப்புகள் வேண்டுமென்றே பின்னால் திறக்கும். ‘ஃபால்ஸ்’ ஆக்கிவிடுங்கள். எங்கள் கடைக் கணினி ஒன்றில் இதுதான் காரணம், நான் இரண்டு நாள் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். கேடிஇ-யில் சாளர நடத்தை என்ற பகுதியில் இந்தக் காவலுக்கு ஐந்து படிகள் இருக்கின்றன. வரும்போதே ‘குறைவு’ என்ற படியில்தான் இருக்கும், அப்படியே விடுங்கள். ‘இல்லை’ என்ற படிக்குப் போனால் முன்னீர்ப்பள்ளத்துப் பெரியவர் வந்த நாளின் கதைதான். கினோமுக்கும் ஒன்று சொல்ல வைத்திருந்தேன், நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.