கஞ்சாவை அனுமதித்த ஊர்களில் மக்கள் என்ன சொன்னார்கள்?

(வேலூரில் ஒரு நூலகக் கூடத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

பெற்றோர் நிறைய பேர் வந்திருக்கிறீர்கள். கல்லூரிப் பிள்ளைகளும் இருக்கிறீர்கள். கஞ்சாவைப் பற்றிய பேச்சை இரண்டு தரப்பும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து கேட்பது நம் ஊரில் அபூர்வம். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

2024 ஏப்ரல் 1 அன்று ஜெர்மனியில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிரம்பியவர்கள் வெளியே போகும்போது 25 கிராம் வரை கஞ்சா வைத்திருக்கலாம், வீட்டில் மூன்று செடி வளர்க்கலாம். செய்தி வந்த சமயத்தில் காட்பாடியில் ஒரு டீக்கடையில் இருந்தேன். ஒருவர், “நம்ம திருவண்ணாமலை சாமியாருங்க யாரைக் கேட்டு இழுத்தாங்க?” என்றார். பக்கத்தில் இருந்த பெரியவர், “அவன் நாசமாப் போனா நாமளும் போகணுமா?” என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது. இந்த இரண்டு வாக்கியங்களைத் தாண்டி நாம் இன்னும் பேசத் தொடங்கவில்லை என்பதுதான் என் கவலை.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். 1969-இல் காலப் நிறுவனம் கருத்துக்கணிப்பு எடுத்தபோது, கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாம் என்றவர்கள் நூற்றுக்கு 12 பேர். 2013-இல் அது 58 ஆனது. 2023-இல் 70. ஐம்பது வருடத்தில் அந்த நாட்டுக்காரர்கள் எல்லோரும் புகைக்கக் கற்றுக்கொண்டார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. புகைக்காதவர்களும், தங்கள் பிள்ளை புகைத்தால் கண்ணீர் விடுகிறவர்களும் ஆதரவாக வாக்களித்தார்கள். காரணம், வருடத்துக்குப் பல லட்சம் பேரைக் கஞ்சா வழக்கில் கைது செய்து பார்த்துவிட்டார்கள், பழக்கம் குறையவில்லை. பிடிபட்டவர்கள் யார் என்று கணக்கெடுத்தபோது அடுத்த உண்மை வெளியே வந்தது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கைதாவதில் கறுப்பினத்தவருக்கு வாய்ப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

2012 நவம்பரில் கொலராடோ மாநில மக்கள் வாக்கெடுப்பில் சுமார் 55 சதவீதம் பேர் ‘சரி’ என்றார்கள். 2014 ஜனவரி 1 அன்று கடை திறந்தது. கடும் குளிரில் வரிசை நின்றது. முதல் பொட்டலத்தை வாங்கியவர் இராக் போரில் இருந்து திரும்பிய ஒரு வீரர். கஞ்சா மீதான கலால் வரியில் ஆண்டுதோறும் முதல் நான்கு கோடி டாலர் பள்ளிக்கூடம் கட்டப் போக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள்.

அதே மாநிலத்தில் பல ஊர்கள், “சட்டம் இருக்கட்டும், எங்கள் ஊரில் கடை வேண்டாம்” என்றன. அந்த மாநிலத்தின் பெரிய நகரங்களில் ஒன்றான கொலராடோ ஸ்பிரிங்ஸ் 2024 வாக்கெடுப்பு வரை பொழுதுபோக்குக் கஞ்சாக் கடையை உள்ளே விடவே இல்லை. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கச் சொல்கிறேன். வைத்திருந்தவனை ஜெயிலில் போடாதே என்பது ஒரு கருத்து. என் தெருவில் கடை வை என்பது வேறு கருத்து. மக்கள் இரண்டையும் தெளிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். நாம்தான் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

கனடா 2018 அக்டோபர் 17 அன்று நாடு முழுக்க அனுமதித்தது. கைதுகள் சரிந்தன. ஆனால் மிட்டாய், கேக் என்று கஞ்சா கலந்த தின்பண்டங்கள் வந்தபிறகு, வீட்டில் கிடந்ததைத் தின்றுவிட்டு மருத்துவமனைக்கு வந்த சின்னக் குழந்தைகளின் எண்ணிக்கை கூடியது. இத்தனைக்கும் ஒரு பொட்டலத்தில் போதை தரும் வேதிப்பொருளான டி.எச்.சி. 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு அங்கே இருக்கிறது. தாய்லாந்து 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலில் இருந்தே எடுத்தது. ஒழுங்குபடுத்தும் சட்டம் வருவதற்குள் ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. மக்கள் கோபப்பட்டார்கள். 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் வாங்கலாம் என்று மறுபடியும் கட்டுப்படுத்தினார்கள். நியூசிலாந்தில் 2020-இல் பொது வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்றவர்கள் 50.7 சதவீதம், வேண்டும் என்றவர்கள் 48.4. தோற்றவர்கள், வென்றவர்கள் இருவரும் தங்கள் நியாயத்தை ஊரறியச் சொன்னார்கள்.

சரி, நம் கதைக்கு வருவோம்.

மதுவிலக்கு 1937-இல் சேலத்தில் தொடங்கியது. அடுத்து சித்தூர், கடப்பை. 1939-இல் அன்றைக்கு வேலூர் சேர்ந்திருந்த வட ஆர்க்காடு. அப்படியென்றால் இந்தத் தேசத்திலேயே ஒரு போதையைச் சட்டம் போட்டு நிறுத்திப் பார்த்த முதல் மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரிந்தது, அது உண்மை. காட்டுக்குள் ஊறல் போட்டார்கள், அதுவும் உண்மை. ஜவ்வாது மலைப் பக்கம் சாராய ஊறலை அழித்தார்கள் என்ற செய்தி இன்றைக்கும் வருகிறது. அப்புறம் கடையைத் திறந்தும் பார்த்தோம். 2003 முதல் சில்லறை மதுக்கடையை அரசே நடத்துகிறது. கடை திறந்திருந்தும் 2024-இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மூடினால் போதும் என்பவர்களும் திறந்தால் போதும் என்பவர்களும் நம் மண்ணின் இந்த அனுபவத்தைப் படிக்க வேண்டும்.

கஞ்சாவுக்கு இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதில் ‘கஞ்சா’ என்றால் பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி. தனியாக உள்ள இலையும் விதையும் அந்த விளக்கத்தில் வராது. அதனால்தான் வடக்கே சில மாநிலங்களில், கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங் விற்கும் கடைகள் உரிமத்தோடு நடக்கின்றன. ஒரு கிலோவுக்குக் குறைவு என்றால் சிறிய அளவு. ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருபது கிலோவுக்கு மேல் வணிக அளவு. குறைந்தது பத்து ஆண்டு. மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி சுமார் 1.3 கோடிப் பேர் கஞ்சா, சரஸ் (கஞ்சாப் பிசின்) பயன்படுத்தியிருந்தார்கள். இத்தனை பேரை எந்தச் சிறையில் அடைப்பது?

ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளில் விளைவது ரயில் ஏறி காட்பாடி வழியாகத்தான் போகிறது. பொதுப்பெட்டியில் சீட்டுக்கு அடியில் கேட்பாரற்ற பை கிடந்தது என்று வாரத்துக்கு ஒரு செய்தியாவது படிக்கிறோம். பை கிடைக்கிறது, பையை அனுப்பியவன் கிடைப்பதில்லை. கையில் பையோடு மாட்டுபவன் பெரும்பாலும் கூலிக்குச் சுமப்பவன். இன்னொரு பக்கம், ஒரு பொட்டலத்தோடு மாட்டும் பத்தொன்பது வயதுப் பையன்.

அப்படி ஒரு பையனின் அம்மாவை சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் பார்த்தேன். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றுகிறவர். விரல் நுனியெல்லாம் பழுப்பேறியிருந்தது. மடியில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் மகனின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். ஜாமீன் எப்போ கிடைக்கும் என்று அவர் கேட்கவில்லை. “இனிமே இவன் போலீஸ் வேலைக்கு எழுத முடியுமா சார்?” என்றுதான் கேட்டார். நான் சட்டத்தில் உள்ளதைச் சொன்னேன். அவர் அந்தச் சான்றிதழை மறுபடியும் மடித்து கவருக்குள் வைத்தார். பையனுக்குப் பழக்கம் இருப்பது அவருக்கு ஒரு வருடமாகவே தெரியும். மருத்துவரிடம் கூட்டிப்போனால் தெருவில் பேசுவார்கள் என்று பயந்து இருந்துவிட்டார்.

பிள்ளைகளே, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ‘அங்கே அனுமதித்துவிட்டார்கள், அப்போ கெடுதல் இல்லை’ என்று எண்ணாதீர்கள். மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. சிறு வயதில் தொடங்குபவர்களுக்கு அடிமையாகும் ஆபத்து அதிகம். சிலருக்கு, குறிப்பாகக் குடும்பத்தில் மனநோய் இருந்தால், மனச்சிதைவு வரை கொண்டுபோய் விடுகிறது. அனுமதித்த நாடுகள்கூட வயது வரம்பு வைத்திருப்பது இதனால்தான். நம் ஊர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1957 முதல் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறையை நாட்டில் முன்னோடியாக நடத்திய இடம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நாம் வெட்கப்பட்டு வாசலிலேயே நிற்கிறோம்.

வேலூரில் கஞ்சாக் கடை திறக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதை நான் எதிர்க்கிறேன். மதுவில் பட்டதே நமக்குப் போதும். நான் கேட்பது, ஏற்கெனவே சட்டத்தில் இருப்பதைப் பயன்படுத்துங்கள் என்பதுதான். 1985 சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு வழக்கில் சிக்கிய அடிமைப்பட்டவர், தானே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சையை முடித்தால் அவர்மேல் வழக்கு நடத்தக்கூடாது என்கிறது. 39-ஆம் பிரிவு, தண்டனைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. இந்த இரண்டையும் கேட்டு மனு போடும் வழக்கறிஞர்கள் நம்மில் குறைவு. இப்படி ஒன்று இருப்பதே பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாது.

எழுதிக்கொள்ளுங்கள். போதை மீட்பு ஆலோசனைக்குத் தேசிய உதவி எண் 14446. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. விற்பவனைப் பற்றித் தகவல் சொல்ல 10581. வழக்கு வந்துவிட்டால், முதல் நாளே உங்கள் வழக்கறிஞரிடம் 64ஏ என்று சொல்லுங்கள்.

இப்போது கேள்விகளுக்கு வருவோம். பின்வரிசையில் ஒரு அம்மா ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார், அவருக்கு முதலில் மைக் கொடுங்கள்.