ஒரு தலைமையாசிரியரும் பன்னிரண்டு பாயும்

(சேலம் அஸ்தம்பட்டியில் நடந்த வாசகர் வட்ட ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர் ஐயா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் கல்வி அலுவலர் அம்மா அவர்களே, மாமன்ற உறுப்பினர் அண்ணன் அவர்களே, வந்தவர்கள் வாடிப்போகக் கூடாது என்று தேநீரும் தட்டுவடை செட்டும் ஏற்பாடு செய்த செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறை நண்பர்களே, இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி ஏற்காட்டிலிருந்து வந்திருக்கும் என் பிள்ளைகளே, அவர்களைத் தனியே அனுப்ப மனமில்லாமல் கூடவே வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

இன்னும் ஒருவருக்கு நான் தனியாக வணக்கம் சொல்ல வேண்டும். இரண்டாவது வரிசையில் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார், மேடைக்குக் கூப்பிட்டும் வரவில்லை. நான் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்த முதல் பள்ளியில் அவர்தான் தலைமையாசிரியர். ஜூடோ என்ற ஜப்பானிய மற்போர்க் கலையைச் சொல்லிக் கொடுக்க ஓர் இடம் வேண்டும் என்று போய் நின்றேன். எதற்கு, ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை எடுத்து, மேற்குப் பக்கத்துப் பழைய அறையின் சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார். "பெருக்கிட்டு ஆரம்பிங்க சார்" என்றார். அந்தச் சாவியின் சில்லிப்பு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. ஐயா, நீங்கள் நீண்ட நாள் நலமாக இருக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்று மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஜூடோவைத் தந்த கானோ ஜிகோரோ என்ற தலைமையாசிரியரின் வாழ்க்கை ஒன்று. சின்ன உருவம் பெரிய உருவத்தைத் தூக்கிப் போடுவதன் சூட்சுமம் இரண்டாவது. நம் சேலத்துப் பள்ளிகள் என்ன செய்யலாம் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு பழமொழி போதும். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்.

கானோ 1860இல் மிகாகே என்ற ஊரில் பிறந்தார். இன்றைக்கு அது கோபே நகரத்தின் ஒரு பகுதி. அரிசியிலிருந்து சாக்கே என்ற மது வடிக்கும் வசதியான குடும்பம். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். பிறகு அப்பாவோடு டோக்கியோ வந்து விடுதிப் பள்ளியில் சேர்ந்தார். படிப்பில் கெட்டி, உடம்பில் ஒல்லி. வளர்ந்த பிறகே ஐந்தடி இரண்டங்குலம்தான் என்றால் பள்ளியில் எப்படி இருந்திருப்பார்! பெரிய பையன்கள் சும்மா விடுவார்களா? அடி, உதை, கேலி. அப்போதுதான், பலம் இல்லாதவனும் பலசாலியைச் சாய்க்கலாம் என்கிற ஜுஜுட்சு என்னும் பழைய கலையைப் பற்றிக் கேள்விப்பட்டார். வீட்டுக்கு வந்துபோகும் பெரியவர்களில் அது தெரிந்தவர்கள் இருந்தார்கள். கெஞ்சிக் கேட்டும் யாரும் கற்றுத்தரவில்லை. காலம் மாறிவிட்டது, இனி இதெல்லாம் எதற்கு என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்கு அப்புறம் அவர் என்ன செய்தார் தெரியுமா? எலும்புமுறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியர்களைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தார். சாமுராய்களின் காலம் முடிந்து பிழைப்பு இழந்த ஜுஜுட்சு ஆசான்கள் பலரும் அந்தத் தொழிலுக்குப் போயிருந்தார்கள். இது நமக்குப் புதிதா? நம் ஊர்ப்பக்கம் சிலம்ப ஆசானிடம்தானே கை பிசகினால் போய் நின்றோம்? அடிக்கத் தெரிந்தவருக்குத்தான் கட்டவும் தெரியும். அப்படித் தேடி 1877இல் கானோ கண்டுபிடித்த ஆசான் ஃபுகுதா ஹச்சினோசுகே.

அந்த ஆசான் வாயால் விளக்குகிற ஆள் இல்லை. ஒருநாள் கானோவைத் தூக்கிப் போட்டார். கானோ எழுந்து, "இதில் கையை எப்படி வைக்க வேண்டும், காலை எப்படி வைக்க வேண்டும்?" என்று கேட்டார். "வா" என்று கூப்பிட்டு மறுபடியும் போட்டார். மறுபடியும் கேள்வி, மறுபடியும் "வா", மறுபடியும் தரை. கேட்டுத் தெரிந்துகொள்ள இதில் ஒன்றும் இல்லை, விழுந்து விழுந்துதான் வரும் என்பது ஆசானின் பாடம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பையன், உடம்பெல்லாம் மருந்துப் பற்றுடன் வகுப்புக்குப் போவானாம்.

இப்போது சொல்லப் போவதை என் பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கூடத்தில் ஃபுகுஷிமா என்று ஒருவர். ஆள் மலை மாதிரி. கானோ அவரோடு மோதும் போதெல்லாம் தோற்றார். பிடித்தால் பிடிக்குள் அடங்குவதில்லை, இழுத்தால் நகர்வதில்லை, காலைத் தட்டினால் அடிமரத்தைத் தட்டின மாதிரி. வேறு ஒருவராக இருந்தால் "அவன் எடை என்ன, என் எடை என்ன" என்று விட்டுவிடுவார். கானோ விடவில்லை. சுமோ தெரிந்த ஒருவரிடம் போய் அதன் பிடிகளைக் கேட்டு வந்து போட்டுப் பார்த்தார். பலிக்கவில்லை. அப்புறம் எங்கே போனார்? இன்னும் பெரிய பயில்வானைத் தேடியா? இல்லை. நூலகத்துக்குப் போனார்! (கைதட்டல்) ஆமாம், கைதட்டுங்கள், வாசகர் வட்டத்தில் இதற்குக் கைதட்டாமல் வேறு எதற்குத் தட்டுவது? டோக்கியோவின் யுஷிமாவில் இருந்த நூலகத்தில் உட்கார்ந்து, மேல்நாட்டு மல்யுத்தம் பற்றிய ஆங்கிலப் புத்தகங்களைப் புரட்டினார். அதில் ஒரு பிடி. எதிராளியின் அடியில் நுழைந்து, அவரைத் தோளின் மேல் குறுக்காக ஏற்றி, சுழற்றி இறக்குவது. நெல் மூட்டையை முதுகில் ஏற்றும் சுமை தூக்கும் அண்ணன்மார்களை நம் லீ பஜாரில் பார்த்திருப்பீர்கள். மூட்டையை அவர்கள் கையால் தூக்குவதில்லை. உடம்பை மூட்டைக்கு அடியில் கொண்டுபோகிறார்கள். சூட்சுமம் அதேதான். கானோ அந்தப் பிடியை நண்பர்களிடம் செய்து செய்து பார்த்தார், தனக்குத் தோதாக மாற்றினார். பிறகு ஒருநாள் ஃபுகுஷிமா எதிரே வந்து நின்றார். வழக்கம்போல இவர் தோற்பார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கானோ குனிந்தார், உள்ளே நுழைந்தார், மலை தோளில் ஏறியது. அடுத்த நொடி தொப்பென்று பாயில் கிடந்தது. இன்று உலகம் முழுக்க ஜூடோவில் 'கதா குருமா' என்று அதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தோள் சக்கரம் என்று அர்த்தம். ஒரு புத்தகப் பக்கம் ஒரு மலையைச் சாய்த்தது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று இதைத்தானே நம் பெரியவர்கள் சொன்னார்கள்!

1882இல், 21 வயதிலேயே, டோக்கியோவின் எய்ஷோஜி என்ற பௌத்தக் கோயிலில் கோடோகன் என்ற தன் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். எவ்வளவு பெரிய இடம்? பன்னிரண்டு பாய். ஜப்பானில் அறையின் அளவைப் பாயால்தான் சொல்வார்கள். ஒரு பாய் ஏறக்குறைய ஆறடிக்கு மூன்றடி. கணக்குப் போட்டால் நம் வகுப்பறையில் பாதிதான் வரும். மாணவர்கள் ஒன்பது பேர். ததாமி என்கிற அந்தப் பாய் எதனால் ஆனது தெரியுமா? உள்ளே வைக்கோல், மேலே கோரை நெசவு. புல், வெறும் புல். பழமொழி அங்கே பழமொழியாக இல்லை, தரையிலேயே விரித்துக் கிடந்தது. பிள்ளைகள் விழுகிற வேகத்தில் பாய்க்கு அடியிலிருந்த மரச்சட்டங்கள் விட்டுப்போகும். கானோ இரவில் தரைக்கு அடியில் ஊர்ந்துபோய் அவற்றைச் சரிசெய்வார். செலவுக்குப் பணம் வேண்டுமே என்று மொழிபெயர்ப்பு வேலை வாங்கிச் செய்தார்.

அவர் ஜுஜுட்சு என்ற பழைய பெயரை விட்டு ஜூடோ என்று வைத்தார். 'ஜூ' என்றால் மென்மை, இணங்கிப் போவது. 'டோ' என்றால் வழி, நெறி. சண்டை வித்தையாக இருந்ததை வாழும் நெறியாக மாற்றினார். உயிருக்கு ஆபத்தான அடிகளை, இருவர் முன்கூட்டிப் பேசிவைக்காமல் மோதிப் பழகும் சுதந்திரப் பயிற்சியிலிருந்து விலக்கினார். எப்படி விழுவது என்பதை முதல் பாடமாக வைத்தார்.

ஆனால் நான் இன்று அழுத்திச் சொல்ல வந்தது வேறு. கானோவை எல்லோரும் ஜூடோக்காரர் என்கிறார்கள். அவர் பிழைப்பு வாத்தியார் வேலை. 1891இல் குமாமோட்டோவில் ஒரு மேல்நிலைக் கல்லூரியின் தலைவர். 1893 முதல் 1920 வரை, நடுவில் சில இடைவெளிகள் தவிர, டோக்கியோ உயர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தலைவர். ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி அது! அங்கே படித்து வெளியே போன ஒவ்வொருவரும் ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். ஜூடோ போட்டி மேடையால் பரவவில்லை ஐயா, பள்ளிக்கூடத்தால் பரவியது. சீனாவிலிருந்து வந்த மாணவர்களுக்கென்று தனியாக ஒரு பள்ளியும் நடத்தினார். லூ சுன் என்ற மாபெரும் எழுத்தாளர் அந்தப் பள்ளியில் படித்தவர். 1909இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் முதல் ஆசிய உறுப்பினரானார். 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்குக்கு ஜப்பான் அனுப்பியது இரண்டே வீரர்களை. அதில் மாரத்தான் ஓடிய கனகுரி ஷிசோ இவருடைய பள்ளி மாணவர். 1938இல் கெய்ரோவில் ஒலிம்பிக் குழுக் கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், மே 4ஆம் தேதி, ஹிகாவா மாரு என்ற கப்பலிலேயே நிமோனியாவால் காலமானார். வயது 77. ஜூடோ ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1964இல். அதைப் பார்க்க அவர் இல்லை.

நம் நாட்டுக்கும் இந்தக் கலை பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் வந்தது. 1929இல் தாகூர் அழைத்து, தகாகாகி ஷின்சோ என்ற ஜூடோ ஆசிரியர் சாந்திநிகேதனுக்கு வந்து கற்றுக்கொடுத்தார். ஒரு கவிஞர் நடத்திய பள்ளியில் அது பாடமாக இருந்தது! நம் பள்ளியில் என்ன நிலைமை? சூட்சுமத்தைப் பற்றி இரண்டாவதாகப் பேசுகிறேன் என்றேன். தலைவர் ஐயா துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். எனவே பிள்ளைகளின் செய்முறையில் அதை நீங்களே பாருங்கள், நான் மூன்றாவதுக்குப் போய்விடுகிறேன். அதைச் சொல்லாமல் இறங்கினால் எனக்குத் தூக்கம் வராது.

பத்தாம் வகுப்பு என்றால் விளையாட்டுப் பீரியட் காணாமல் போகிறது. "சார், போர்ஷன் முடியல" என்று வாங்கிக்கொள்கிறார்கள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், நல்ல பாய்கள் வாங்கிக் கொடுத்தார்கள். நான் மாறுதலாகிப் போய் மூன்று வருடம் கழித்துப் போய்ப் பார்த்தேன். உடைந்த பெஞ்சுகளுக்கு அடியில் சுருட்டியபடியே கிடந்தன. எலி ஒரு மூலையைத் தின்றிருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சேலத்துப் பிள்ளைகளிடம் என்ன குறை? ஓமலூர்ப் பக்கம் பெரியவடகம்பட்டியிலிருந்து போன மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். அவரைத் தாண்டச் சொல்லி ஊக்கப்படுத்தியது அவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். ஜூடோவிலேயே பாருங்கள், 2024இல் பாரிஸ் பாராலிம்பிக்கில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான பிரிவில் கபில் பர்மார் வெண்கலம் வாங்கினார். ஒருவரையொருவர் பிடித்தபடியே ஆட்டம் தொடங்குவதால் பார்வை இல்லாதவர்களும் சமமாக நின்று ஆடலாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கானோவின் முதல் ஆசான் ஃபுகுதாவைச் சொன்னேன் அல்லவா? அவருடைய பேத்தி ஃபுகுதா கெய்கோவைக் கானோவே கூப்பிட்டுக் கற்றுக்கொள்ளச் சொன்னார். பெண் என்பதால் அவரை ஜூடோ தகுதி வரிசையில் ஐந்தாம் படியிலேயே பல வருடம் நிறுத்தி வைத்தார்கள். 1972இல்தான் ஆறாம் படி கொடுத்தார்கள். அவர் நிறுத்தவில்லை. 99 வயதுவரை வாழ்ந்தார், கடைசிக் காலம்வரை சொல்லிக்கொடுத்தார். தாய்மார்களே, "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு சார் இதெல்லாம், கை கால் ஒடைஞ்சா யாரு கட்டிக்குவா" என்று என்னிடம் கேட்டவர்களில் இரண்டு பேர் இதோ இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்று அவர்களே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதற்கு நான் கைகூப்புகிறேன்.

மலையில் நாங்கள் எப்படிப் பழகுகிறோம் என்று சொல்கிறேன். விலை உயர்ந்த பாய் இல்லை. தேங்காய் நாரைச் சாக்கில் திணித்து, நெருக்கி அடுக்கி, மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருக்கிறோம். மழைக்காலத்தில் மேகம் அறைக்குள்ளேயே வந்துவிடும், தார்ப்பாய் ஈரமாகும், துடைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, காப்பித் தோட்டத்து வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை. முதல் மாதம் முழுக்க விழப் பயந்து சுவரையே பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருநாள் தானாகவே வந்து, தாடையை நெஞ்சில் ஒட்டி, முதுகை வளைத்து விழுந்தாள். இரண்டு கையும் தார்ப்பாயில் பட்டாரென்று ஒரே சத்தமாக அடித்தன. எழுந்து என்னைப் பார்த்து, "வலிக்கலை சார்" என்றாள். அடுத்த மூன்று நாட்களுக்கு வேறு ஒன்றும் செய்யவில்லை, விழுந்துகொண்டே இருந்தாள். தேங்காய் நாரும் புல் மாதிரிதானே? வல்லவளுக்கும் புல் ஆயுதம்தான்.

இந்தப் பிள்ளைகள் சரியான பாயில் பழக வேண்டுமென்றால் சேலத்துக்கு இறங்கி வர வேண்டும். போக ஒரு 30 கிலோமீட்டர், வர ஒரு 30 கிலோமீட்டர். சாயங்காலம் பயிற்சி முடிவதற்குள் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். அதனால்தான் கல்வி அலுவலர் அம்மா அவர்களிடம், இந்த மேடையிலேயே, மனு ஒன்று கொடுக்கிறேன். மலையில் ஒரு பள்ளியில், இருபதடிக்குப் பதினோரடி, கானோ தொடங்கிய அதே அளவில் ஓர் அறை. வாரத்துக்கு இரண்டு பீரியட், அதை எந்தப் பாடத்துக்கும் மாற்றாமல். பாய்க்கு நாங்கள் பணம் திரட்டிக்கொள்கிறோம். வெள்ளிப்பட்டறை நண்பர்கள் இப்போதே பாதி ஏற்றிருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு கைதட்டு. எங்களுக்கு வேண்டியது அறையும், அதன் சாவியும்.

இப்போது பிள்ளைகள் விழுந்து காட்டுவார்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். சுவரோரம் இருக்கும் ஐயாவுக்கு மட்டும் யாராவது முன்னால் இடம் விடுங்கள்.